கல்லு மாதிரி பிரேக்

"அமுக்கிப் பாருங்க," என்றார் இன்ஸ்பெக்டர் வேலுமணி.

மயில்சாமி அமுக்கிப் பார்த்தான். ஸ்டேஷன் வாசலில் முன் லைட் நொறுங்கி, ஹேண்டில்பார் ஒரு பக்கமாகக் கோணி நின்றது அந்தப் பெரிய வண்டி. பிரேக் லீவர் மட்டும் கல்லு மாதிரி இருந்தது. வண்டியைக் கொஞ்சம் தள்ளி மறுபடி பிடித்தான். முன் சக்கரம் அப்படியே நின்றுவிட்டது.

"எப்படி இருக்கு?"

"எங்க வண்டி பிரேக்கை விட நல்லா இருக்கு சார். மாத்திக்கலாமான்னு யோசிக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மயில்சாமியின் நகைச்சுவைக்குப் பழனியில் இருந்த மரியாதை கொடைக்கானல் குளிரில் எப்போதுமே கிடைத்ததில்லை. அவன் பார்வையைத் தன் முதலாளி தேவசேனா பக்கம் திருப்பினான். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முன் சக்கரத்தின் டிஸ்க்கை முறைத்துக்கொண்டிருந்தாள். துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவள். மலை ரோட்டில் உருண்ட வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே பாதித் தலை நரைத்தவள்.

"கேஸு ரொம்ப சிம்பிள் மேடம்," என்றார் வேலுமணி. "நேத்து மத்தியானம் அடுக்கம் ரோட்டுல விக்னேஷ் வேகமா எறங்கி வர்றான். வளைவுல ஜீப்புக்காக நின்ன ஒருத்தரை இடிக்கிறான். இடிபட்டவரு யாரு? அவன் மாமனார் நல்லசாமி. இடுப்பெலும்பு நொறுங்கிருச்சு, இன்னும் பேசுற நிலைமையில இல்ல. கேட்டா, பிரேக் புடிக்கலைங்கிறான். பிரேக்கு எப்படிப் புடிக்குதுன்னு நீங்களே பாத்தீங்க. மெக்கானிக்கும் வந்து பாத்துட்டான்."

"மாமனாருக்கும் மருமகனுக்கும் என்ன தகராறு?"

"பூண்டு வெவசாயத்தை விட்டுட்டு டூரிஸ்ட்டுக்கு ரூம் விடுறான்னு அவருக்குக் கோவம். போன மாசம் சந்தையில நாலு பேரு முன்னால திட்டியிருக்காரு. இவன் என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? 'என் வண்டி வர்ற வழியில குறுக்க வந்துராதீங்க'ன்னு. சந்தையே சாட்சி. அவரு மகன் சக்திவேல் புகார் குடுத்துட்டான். சாயங்காலம் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். கொலை முயற்சி. சட்டுனு ஜாமீன் கெடைக்காது."

நாக்குல சனி என்பது இதுதான். கோபத்தில் ஒருத்தன் உதிர்க்கிற வார்த்தையை ஊரே எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கும்.

ஸ்டேஷன் பெஞ்சில் சுபஸ்ரீ உட்கார்ந்திருந்தாள். விக்னேஷின் மனைவி, நல்லசாமியின் மகள். காலையில் சாக்லேட் கடை மாடியிலிருந்த தேவசேனாவின் ஆபீசுக்கு வந்தபோது அவள் அழவில்லை. புருஷனைக் காப்பாற்றச் சொல்லியும் கேட்கவில்லை.

"எங்கப்பாவை அவரு வேணும்னு இடிச்சாரா, இல்லையா? அது ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணுங்க. வேணும்னு இடிச்சிருந்தா இனி அவரு மூஞ்சியில முழிக்க மாட்டேன். இல்லேன்னா, பொய்க் கேஸுல அவரை உள்ள தள்ளுன எங்கண்ணனோட பேச மாட்டேன். ரெண்டுல ஒண்ணு எனக்கு இல்லாமப் போகப் போகுது. எதுன்னு தெரிஞ்சுக்கிறேன்."

அதைக் கேட்ட மயில்சாமி கையிலிருந்த நாலாவது பணியாரத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

லாக்கப்புக்குள் விக்னேஷ் கையில் கட்டோடு நின்றான். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். ஒரே நாளில் முகம் வற்றிப்போயிருந்தது.

"மேல இருந்து கெளம்புறப்ப பிரேக் புடிச்சுச்சா?" தேவசேனா கேட்டாள்.

"சூப்பரா புடிச்சுச்சுக்கா. மேல இருக்கிற கொண்டை ஊசி வளைவுல எல்லாம் தொட்டா நின்னுச்சு. சந்தோசத்துல பாடிக்கிட்டே வந்தேன். எறங்க எறங்க லீவரு கொஞ்சம் கொஞ்சமா உள்ள போச்சு. அந்த வளைவுல புடிக்கிறேன், கைப்பிடியோட வந்து ஒட்டிக்கிச்சு. காத்தைப் புடிச்ச மாதிரி இருந்துச்சுக்கா. பின் பிரேக்கை மிதிச்சேன். அந்தச் சரிவுல அது மட்டும் என்ன செய்யும்? மாமா நிக்கிறது தெரியுது. கத்துனேன். அவரு திரும்பி என்னையவே பாத்தாரு."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. தேவசேனா பேச்சை வண்டிக்குத் திருப்பினாள்.

"டிஸ்க் பிரேக் யாரு போட்டது?"

"நானேதான். பழைய ட்ரம் பிரேக்கோட மலை எறங்காதீங்கன்னு சுபா நச்சரிச்சுக்கிட்டே இருந்தா. திண்டுக்கல்லுல செகண்ட் ஹேண்டு டிஸ்க் செட் வாங்கியாந்தேன். மாட்டுறது ஒரு சோலியே இல்லக்கா, ஒரு பகல்ல முடிஞ்சிருச்சு. காத்து எடுக்கிறதுதான் உசுரை எடுத்துருச்சு. ஆயில் குழாய்க்குள்ள கொஞ்சம் காத்து மாட்டிக்கிட்டாலும் பிரேக்கு கொழகொழன்னு இருக்கும். ஒருத்தர் லீவரை அமுக்கிப் புடிக்கணும், இன்னொருத்தர் கீழ திருகைத் திறந்து காத்தை விடணும், லீவரை விடுறதுக்குள்ள மூடிரணும். செய்யிறோம், செய்யிறோம், காத்து முட்டை முட்டையா வந்துக்கிட்டே கெடக்கு. மூணு நாளு. வீடியோவுல ஒருத்தன் அஞ்சு நிமிசத்துல முடிக்கிறான். அவனைத் தேடிப் போயி அடிக்கலாம்னு இருந்துச்சு."

"லீவரைப் புடிச்சது யாரு?"

"சக்திவேல் மச்சான்தான். நாங்க ஒண்ணாப் படிச்சவங்க."

மயில்சாமியின் காது நிமிர்ந்தது. புகார் கொடுத்தவனே லீவரைப் பிடித்தவன்.

"எப்ப சரியாச்சு?"

"கடைசி நாளு. ஒரு ஆயில் பாட்டிலு முக்கால்வாசிக்கு மேல மிச்சம் இருந்துச்சு. பழைய ஆயிலை மொத்தமா எடுத்துட்டு, அந்தப் பாட்டிலை ஊத்திப் பொறுமையாச் செஞ்சோம். லீவரு கல்லு மாதிரி ஆயிருச்சு. மறுநாளே அடுக்கம் ரோட்டு வழியாப் பெரியகுளம் கெளம்பிட்டேன்."

வெளியே வந்ததும் தேவசேனா சொன்னாள்: "மேல நல்லாப் புடிச்ச பிரேக்கு கீழ வர்றப்ப போயிருச்சு. இப்ப ஸ்டேஷன்ல மறுபடி நல்லாப் புடிக்குது."

"கோவிச்சுக்கிட்டுப் போற மாப்பிள்ளை மாதிரி. ஆறுன உடனே தானா வந்து நிக்குது."

அவள் சட்டென்று நின்றாள். "என்ன சொன்ன?"

"மாப்பிள்ளைங்கக்கா..."

"ஆறுன உடனே வருது. சரியாத்தான் சொல்லியிருக்க. வண்டியை எடு."

தான் என்ன சரியாகச் சொன்னோம் என்று மயில்சாமிக்குப் புரியவில்லை. பாராட்டு கிடைத்தால் காரணம் கேட்கக்கூடாது என்பது அவன் கொள்கை.

சுபஸ்ரீயையும் கூட்டிக்கொண்டு நாயுடுபுரம் போனபோது மூடுபனி இறங்கிவிட்டிருந்தது. விக்னேஷ் வீட்டு கேட்டுக்கு வெளியே ஒருவன் ஜெர்கின் போட்டு நின்றான். சக்திவேல். தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்திருந்தான்.

"நீங்கதான் அந்தத் துப்பறியிற ஆளுங்களா?" என்றான். "எங்கப்பா அங்க மூச்சுப் பேச்சில்லாம கெடக்காரு. நீங்க இவனுக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கீங்க. பாக்க வேண்டியதைப் பாத்துட்டு வெரசா கெளம்புங்க."

"உள்ள வாங்களேன், உக்காந்து பேசுவோம்," என்றான் மயில்சாமி.

"நான் இங்கனயே நிக்கிறேன்."

"அண்ணே, காப்பித் தண்ணியாச்சும் குடிண்ணே," என்றாள் சுபஸ்ரீ. அவன் வேறு பக்கம் பார்த்தான். எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்டது. இவ்வளவு விறைப்பாக நிற்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று மயில்சாமி முடிவுகட்டினான். அவன் முடிவுகள் எப்போதும் சீக்கிரம் வரும்.

"ஆயில் பாட்டில் எங்க இருந்துச்சும்மா?" தேவசேனா கேட்டாள்.

"அடுப்படியில, பரண் மேல."

"பிரேக் ஆயிலா? அடுப்படியிலயா?" மயில்சாமிக்குச் சிரிப்பு வந்தது. "எங்க ஊருல தாளிக்கிறதுக்குக் கடலெண்ணெய்தான் ஊத்துவோம்."

"பனி ஏறிரக்கூடாதுன்னு அவருதான் அங்க வச்சாரு. ஈரம் பட்டா அந்த ஆயிலு கெட்டுருமாம். இந்த ஊருல உப்புக்கூடத் தண்ணியா ஓடிரும், தீக்குச்சி பத்தாது. நமுத்துப் போகக்கூடாதுன்னா எதையும் பரண் மேலதான் வைப்போம்." சொல்லிவிட்டு அவள் அண்ணனிடம் ஏதோ பேச கேட்டுக்குப் போனாள்.

அடுப்படியில் காஸ் அடுப்பு ஒரு பக்கம், விறகடுப்பு ஒரு பக்கம். விறகடுப்புக்கு மேலே மூங்கில் பரண். அதில் விதைப் பூண்டு கட்டுக் கட்டாகத் தொங்கியது. மேல்மலைக்காரர்கள் டவுனுக்குக் குடிவந்தாலும் பூண்டுக்குப் புகை காட்டுவதை விட மாட்டார்கள். புகையும் பூண்டும் சேர்ந்து மயில்சாமியின் மூக்கில் ஏற, தொடர்ந்து தும்மினான்.

பரண் ஓரத்தில் காலி பாட்டில் இருந்தது. தேவசேனா அதைத் தொடவில்லை. அதற்கு நேர் கீழே நீலப் பெயிண்ட் அடித்த ஒரு மரப்பலகை. பலகையில் டப்பாக்கள் எல்லாம் சுவரை ஒட்டி வரிசையாக இருக்க, அரிசி டின் மட்டும் முன்னால் தள்ளி, விழுந்துவிடும்போல் உட்கார்ந்திருந்தது. அவள் டின்னை நகர்த்தினாள்.

அடியில் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி உரிந்திருந்தது.

"தண்ணி பட்டிருக்கும்," என்றான் மயில்சாமி.

"தண்ணி பட்டா பெயிண்ட் இந்த மாதிரி உப்பாது. பிரேக் ஆயில் பட்டாத்தான் இப்படி உரியும். பலகை அகலத்துக்கும் உரிஞ்சிருக்கு பாரு. பாதிப் பாட்டிலாவது கொட்டியிருக்கணும்."

"பாட்டிலு முக்கால்வாசிக்கு மேல இருந்துச்சுன்னு விக்னேஷ் சொன்னானே?"

"அதான் மயிலு. பாதி கொட்டிப்போன பாட்டிலு எப்படி நெறைஞ்சு நின்னுச்சு?"

மயில்சாமியின் சிரிப்பு காணாமல் போனது. தேவசேனா டின்னை இருந்த இடத்திலேயே வைத்தாள். "வெளிய யாருகிட்டயும் மூச்சு விடாத."

அவர்கள் ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது கோர்ட்டுக்குப் போகிற வேன் வாசலில் நின்றது. சுபஸ்ரீயும் சக்திவேலும் கூடவே வந்தார்கள். புகார்தாரர் என்பதால் சக்திவேல் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

"சார், ஒரு டீ குடிக்கிற நேரம் குடுங்க," என்றாள் தேவசேனா.

"இனிமே என்ன மேடம்?"

"டீதான் சார். நீங்களும் வாங்க. அந்த வண்டியில இருந்து கொஞ்சம் ஆயில் எடுத்துக்கிறேன். உங்க கண்ணு முன்னாலயே."

வேலுமணி வாட்ச்சைப் பார்த்தார். தலையாட்டினார்.

மயில்சாமி ஹேண்டில்பாரில் இருந்த ஆயில் டப்பாவைத் திறந்து ஊசி சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்தான். ஆயில் தேன் நிறத்தில் சுத்தமாகத்தான் இருந்தது. பக்கத்து மெக்கானிக் கடையிலிருந்து சீல் உடைக்காத புது பாட்டில் ஒன்றும் வாங்கி வந்தான். ஸ்டேஷன் எதிரில் பொன்னுத்தாயின் டீக்கடை. இரண்டு கரண்டி கேட்டதும் அந்தம்மா முறைத்தாள்.

"இதுல என்னத்தை ஊத்தப் போறீங்க?"

"ஊத்துன பிறகு கரண்டி உங்களுக்கு ஆகாதுக்கா. புதுசு வாங்கித் தந்துர்றேன்," என்றான் மயில்சாமி.

ஒரு கரண்டியில் புது ஆயில். இன்னொன்றில் வண்டி ஆயில். இரண்டையும் ஒரே அடுப்பில், ஒரே தீயில் பிடித்தான். புது ஆயில் அசையாமல் கிடந்தது. வண்டி ஆயில் முதலில் ஓரத்தில் ஒரு முட்டை விட்டது. அப்புறம் இன்னொன்று. அடுத்த நொடி சோற்றுப் பானை மாதிரி தளதளவென்று கொதித்து மயில்சாமியின் கையில் தெறித்தது. கரண்டியை அவன் கீழே போட்டுவிட்டான்.

"தண்ணி சார்," என்றாள் தேவசேனா. "அந்த ஆயில்ல தண்ணி கலந்திருக்கு."

"ஆயில்ல எப்படி மேடம் தண்ணி கலக்கும்? மேல மிதக்காதா?"

அவள் ஒரு கண்ணாடி டம்ளரில் புது ஆயிலையும் தண்ணீரையும் ஊற்றிக் கலக்கிக் காட்டினாள். சர்பத் மாதிரி ஒன்றாகிவிட்டது. வேலுமணி டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மலை எறங்குறப்ப பிரேக்கைப் புடிச்சுக்கிட்டே வந்தா டிஸ்க் பழுக்கச் சுடும். அந்தச் சூட்டுல நல்ல ஆயில் தாங்கும், தண்ணி தாங்காது. ஆவியாயிரும். ஆவியை அமுக்குனா அது அமுங்குமே தவிர பிரேக்கைத் தள்ளாது. அதான் லீவர் கைப்பிடி வரைக்கும் போயிருக்கு. வண்டி ஆறுனதும் ஆவி மறுபடி தண்ணியாயிருச்சு. உங்க மெக்கானிக் பாத்தது ஆறுன பிரேக்கை. விக்னேஷ் சொன்னது அத்தனையும் நெசம் சார்."

சுபஸ்ரீ பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று மயில்சாமி பார்த்தான். வரவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

வேலுமணி டம்ளரை டொக்கென்று வைத்தார். போலீஸ் மூளை அடுத்த கேள்விக்குத் தாவியாகிவிட்டது.

"அப்ப எவனோ தண்ணி கலந்திருக்கான். மூணு நாளும் கூட இருந்து லீவரைப் புடிச்சவன் எவன்? அவசர அவசரமா வந்து புகார் குடுத்தவன் எவன்?" அவர் சக்திவேலின் ஜெர்கின் காலரைப் பிடித்தார். "தங்கச்சி புருசனை மலையில உருட்டப் பாத்தியாலே? அது கடைசியில உங்கப்பன் மேலயே வந்து விழுந்துருச்சு."

"சார், நான் ஒண்ணும் பண்ணல."

"ஏட்டையா, இவனை உள்ள தள்ளுங்க."

மயில்சாமிக்குப் பரம திருப்தி. கேட்டில் விறைத்து நின்றபோதே தனக்குத் தெரியும் என்று சொல்லத் தேவசேனா பக்கம் திரும்பினான். அவள் சக்திவேலைப் பார்க்கவே இல்லை. சுபஸ்ரீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மயில்சாமிக்கு எரிச்சலாக வந்தது. வாயைத் திறந்து ஏதாவது சொன்னால்தான் என்ன?

"சார், நான் வாசலைத் தாண்டலை சார்," சக்திவேலின் குரல் உடைந்தது. "சந்தைச் சண்டைக்கு அப்புறம் எங்கப்பா சத்தியம் வாங்கிட்டாரு. அந்த வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது, கை நனைக்கக் கூடாதுன்னு. அவன் என் சேக்காளி சார், கூப்பிட்டான்னு போனேன். மூணு நாளும் வாசல்லயே உக்காந்து லீவரைப் புடிச்சேன். ஒரு வாய் காப்பி குடிக்கல. பாட்டிலை எங்க வச்சிருந்தான்னுகூட எனக்குத் தெரியாது."

மயில்சாமியின் திருப்தி அப்படியே இறங்கிவிட்டது. கேட்டில் நின்றவன் எதையும் மறைக்கவில்லை. அப்பனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு நின்றிருக்கிறான். அடுப்படிக்குள் கால் வைக்காதவன் பரண் மேல் இருந்த பாட்டிலில் எப்படித் தண்ணீர் ஊற்றுவான்? உரிந்த பெயிண்டின் மேல் அரிசி டின்னை இழுத்து வைக்க அந்த வீட்டில் யாருக்குத் தோன்றும்? அவன் பார்வை தானாகச் சுபஸ்ரீ பக்கம் போனது.

"அதையெல்லாம் கோர்ட்டுல சொல்லு," என்று ஏட்டு சக்திவேலைத் தள்ளினார்.

"எங்கண்ணனை விடுங்க சார்."

சுபஸ்ரீ எழுந்து நின்றிருந்தாள்.

"தண்ணி நான்தான் ஊத்துனேன்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பொன்னுத்தாய் அதைக் கவனிக்கவில்லை.

"ரெண்டாம் நாளு ராத்திரிச் சோத்துக்குப் பரண்ல தொங்குன பூண்டுக் கட்டை இழுத்தேன். பாட்டிலு சரிஞ்சு பலகையில கொட்டிருச்சு. பாதிக்கு மேல போயிருச்சு. தொடைச்சுட்டேன். கடையில அந்த ஆயிலு அப்ப ஸ்டாக் இல்ல, வத்தலக்குண்டுதான் போகணும். என்ன செய்யிறதுன்னு தெரியல. தண்ணி ஊத்திப் பாத்தேன். பிரிஞ்சு நிக்கலை, அதே மாதிரிதான் இருந்துச்சு. சரி, ஒண்ணும் ஆகாதுன்னு மூடி வச்சுட்டேன். மறுநா பிரேக்கு நல்லாப் புடிக்குதுன்னு அவரு குதிச்சப்ப, அப்பாடான்னு இருந்துச்சு." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இவ்வளவு நேரமும் அது என் நெனைப்புலயே இல்ல சார். இந்தக் கரண்டி கொதிக்கிறதைப் பாத்த பிறகுதான்... எங்கப்பாவை நான்தான் படுக்க வச்சிருக்கேன்."

சக்திவேல் காலரைச் சரிசெய்யக்கூடத் தோன்றாமல் தங்கையைப் பார்த்தபடி நின்றான். வேலுமணி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமாக்கா?" மயில்சாமி மெல்லக் கேட்டான்.

"டின்னைப் பாத்தப்பவே தெரியும். அவ வாயால வரட்டும்னு இருந்தேன்."

எல்லோரும் ஸ்டேஷனுக்குள் போனார்கள். லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் விக்னேஷ் நின்றான். வேலுமணி நடந்ததைச் சொன்னார். கொலை முயற்சிக் கேஸ் இனி நிற்காது, ஆனால் ஒரு மனுஷன் இடுப்பொடிந்து கிடக்கிறான், கவனக்குறைவு என்றாவது எழுதத்தான் வேண்டும், யார் பேரில் என்பதை மேலே கேட்க வேண்டும் என்றார். விக்னேஷ் பாதியிலிருந்தே அவரைக் கேட்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சுபா? ஆயில்தானே, போய் வாங்கியாந்திருப்பேனே."

"பயமா இருந்துச்சுங்க."

"எதுக்குப் பயம்?"

"உங்களுக்குத்தான்." அவள் குரல் நடுங்கவில்லை. "அந்த மூணு நாளு உங்ககிட்ட யாரு பேச முடிஞ்சுச்சு? சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டதுக்குத் தட்டைத் தூக்கி எறிஞ்சீங்க. காத்து போகலைன்னு வண்டியை எட்டி உதைச்சீங்க, கிட்ட வந்த என்னையும் நாலு வார்த்தை கேட்டீங்க. ஆயிலைக் கொட்டிட்டேன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரலை. பாலுக்குத் தண்ணி ஊத்துற மாதிரி ஊத்தி வச்சுட்டேன்."

விக்னேஷ் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினான். "சார், தண்ணி ஊத்துனது நான்தான்னு எழுதிக்கங்க. அவளை இதுல இழுக்காதீங்க."

"வேண்டாம் சார்," என்றாள் சுபஸ்ரீ. "நான் ஊத்துனேன்னே எழுதுங்க. ஏன் ஊத்துனேன்னும் சேத்து எழுதுங்க. எங்கப்பா கண்ணு முழிச்சதும் அவருகிட்டயும் நானே சொல்லிக்கிறேன். இனிமே நான் யாருக்கும் பயந்துக்கிட்டு எதையும் மூடி வைக்கிறதா இல்ல."

வேலுமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். சக்திவேல் வந்து தங்கை பக்கத்தில் நின்றுகொண்டான். விக்னேஷ் கம்பியைப் பிடித்தபடி, அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்தான்.